போர்க்கப்பல் என்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்த்தால் என்ன தெரியும், என்ன தெரியாது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். போர்க்கப்பலின் என்ஜின், கியர்பாக்ஸ், புரொப்பல்லரைச் சுற்றும் தண்டான ஷாஃப்ட் எல்லாவற்றையும் ஒரு கட்டடத்துக்குள் பொருத்தி, கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று படித்திருக்கிறீர்கள். செய்த கம்பெனி சோதித்துத்தானே அனுப்புகிறது, பிறகு கடலிலும் வெள்ளோட்டம் உண்டு, நடுவில் இந்தச் செலவு எதற்கு என்பது உங்கள் கேள்வி. அப்படிச் சோதித்த கப்பல்களும் நடுவழியில் நிற்கின்றனவே என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். செலவைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், கடலில் ஓட வேண்டிய ஒன்றைப் பற்றிக் கரையில் இருந்தபடி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதுதான் இதன் அடிப்படை. அதற்கே பதில் சொல்கிறேன்.

கப்பல் டீசல் என்ஜின், கேஸ் டர்பைன், கியர்பாக்ஸ் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன் நான், அதில் பெரும்பகுதி சோதனை மேடையில். அணுசக்தி உந்துவிசையைப் பற்றிக் கீழே சொல்லப்போவது பொதுவில் வெளியான விவரங்களை வைத்து மட்டுமே.

முதலில் தொழிற்சாலைச் சோதனை. கம்பெனி ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியாக ஓட்டிப் பார்ப்பது உண்மைதான். டர்பைனை ஒரு பிரேக்கோடு இணைத்து முழுச் சக்திக்குக் கொண்டுபோவார்கள். ஜெனரேட்டரை, செயற்கையாக மின்சுமை கொடுக்கும் லோடு பேங்கில் போட்டுப் பார்ப்பார்கள். கியர்பாக்ஸைப் பல நேரம் சுமையே இல்லாமலோ, இரண்டு கியர்பாக்ஸை முதுகோடு முதுகாகப் பூட்டியோ சுற்றுவார்கள். எல்லாமே தேறி, சான்றிதழோடு கிளம்பும். ஆனால் டர்பைனைச் செய்தவர் ஒருவர், கிளட்சைச் செய்தவர் இன்னொருவர், இரண்டையும் ஆட்டிவைக்கும் கன்ட்ரோல் சாஃப்ட்வேரை எழுதியவர் மூன்றாமவர். டர்பைன் எந்த வேகத்தில் இருக்கும்போது கிளட்ச் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டது என்று சென்சார் சொல்வதற்குக் கால் விநாடி தாமதமானால் சாஃப்ட்வேர் என்ன முடிவெடுக்கும், அந்த நேரத்தில் மசகு எண்ணெயான லூப் ஆயிலின் அழுத்தம் கொஞ்சம் இறங்கினால் யார் யாரை நிறுத்துவார்கள் என்பதெல்லாம் எந்தத் தொழிற்சாலைச் சோதனையிலும் இருக்காது. தனித்தனியே நன்றாகப் பாடுகிற நான்கு பேர் சேர்ந்து பாடினால் சுருதி சேருமா என்பது, சேர்ந்து பாடும்போதுதான் தெரியும். நான் பார்த்த கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டு கம்பெனிகளின் பொருட்கள் சந்திக்கும் இடத்தில்தான் இருந்தன. நிலத்தில் முழு அமைப்பையும் கட்டுவது அந்தச் சந்திப்புகளைச் சோதிக்கத்தான்.

சரி, அதைக் கடல் வெள்ளோட்டத்திலேயே கண்டுபிடிக்கலாமே? கண்டுபிடிக்கலாம். ஆனால் அதற்குள் கப்பல் கட்டி முடிந்திருக்கும். என்ஜின் அறைக்கு மேலே தளங்கள் வந்திருக்கும், சுற்றிலும் குழாய்களும் கேபிள்களும் நெருக்கமாக ஓடியிருக்கும். கியர்பாக்ஸை வெளியே எடுக்க வேண்டுமானால் கப்பலின் உடம்பையே வெட்டித் திறக்க நேரலாம். அதைவிட முக்கியம், முதல் கப்பல் வெள்ளோட்டத்துக்குப் போகும்போது அதே வகையில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கப்பல்கள் கட்டும் தளத்தில் பாதி வளர்ந்திருக்கும். ஒரே தவறு அத்தனையிலும் ஏறியிருக்கும். தரையில் அதே கியர்பாக்ஸை மேலிருந்து கிரேனில் தூக்கி, திறந்து, திருத்தி, திரும்பப் பூட்டலாம்.

இன்னொரு காரணமும் உண்டு, இதை வெளியில் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. சோதனை மேடையில் வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கலாம். முழுச் சக்தியில் ஓடும்போது ஒரு ஆயில் பம்பை நிறுத்தலாம், ஒரு சென்சாரின் வயரைப் பிடுங்கலாம், ஜெனரேட்டரைத் திடீரென்று மின்வலையிலிருந்து கழற்றிவிடலாம். ஆட்களோடு கடலில் இருக்கும் கப்பலில் இதையெல்லாம் எல்லை வரைக்கும் செய்துபார்க்க எந்த கேப்டனும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் போர்க்கப்பல் அடிபட்ட பிறகும் ஓட வேண்டியது. பாதி அமைப்பு போன பிறகு மீதிப் பாதி எப்படி நடந்துகொள்ளும் என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

தரையில் புரொப்பல்லர் கிடையாதே, சுமையை எங்கிருந்து கொடுப்பது என்றால், அதற்குப் பழைய விடை வாட்டர் பிரேக். ஷாஃப்டின் முனையில் நீர் நிரம்பிய ஒரு கூட்டுக்குள் சக்கரம் சுழலும், அந்தச் சக்தி முழுவதும் நீரைச் சூடாக்குவதில் கழியும். வில்லியம் ஃப்ரூட் 1877 வாக்கிலேயே பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் என்ஜின்களை அளக்க இதை உருவாக்கினார். புரொப்பல்லர் வாங்கும் சக்தி ஏறக்குறைய சுழல்வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வாட்டர் பிரேக்கின் நீரளவை மாற்றி அந்த வளைவை அப்படியே பின்பற்ற முடியும். அதனால் சீராக முன்னால் போகும் கப்பலைத் தரையில் நன்றாகவே நடிக்க வைக்கலாம்.

ஆனால் வாட்டர் பிரேக் சக்தியை விழுங்கும், திருப்பிக் கொடுக்காது. முழு வேகத்தில் போகும் கப்பல் அவசரமாகப் பின்னோக்கி இழுக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். என்ஜின் சக்தியைக் குறைத்த பிறகும் ஆயிரக்கணக்கான டன் கப்பல் முன்னேறிக்கொண்டே இருக்கும். ஓடும் நீர் புரொப்பல்லரைத் தானே சுற்றும், ஷாஃப்டில் முறுக்கு எதிர்த்திசைக்கு மாறும். கியர் பற்கள் அதுவரை ஒரு முகத்தில் தாங்கியவை, மறுமுகத்துக்கு மாறி அடி வாங்கும். இதை நடிக்க வைக்க, சுமையாகவும் மோட்டாராகவும் மாறிமாறி வேலை செய்யும் பெரிய மின் இயந்திரமும், கப்பலின் எடையையும் நீரின் எதிர்ப்பையும் நொடிக்கு நொடி கணக்கிட்டு அதற்கு உத்தரவு கொடுக்கும் கணினியும் வேண்டும். செலவு அதிகம், எல்லாச் சோதனை நிலையங்களிலும் இல்லை. அதனால் ‘முழு அமைப்பும் நிலத்தில் சோதிக்கப்பட்டது’ என்று ஒரு செய்தி சொன்னால், சுமை எப்படிக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முதலில் எழும் கேள்வி.

நிலத்துச் சோதனை என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மிகப் பழையது. உலகின் முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸுக்கு முன்னால், அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனத்தில் அதன் அணு உலையையும் டர்பைனையும் அசல் அளவில், நீர்மூழ்கியின் உடல்பகுதி ஒன்றுக்குள்ளேயே கட்டினார்கள். உலைப் பகுதியைச் சுற்றி ஒரு நீர்த்தொட்டி, ஷாஃப்டின் முனையில் வாட்டர் பிரேக். 1953 மார்ச்சில் உலை இயங்கத் தொடங்கியது. ஜூனில் முழுச் சக்தி ஓட்டம், 48 மணி நேரம் என்று திட்டம். வேண்டிய அளவீடுகள் அதற்கு முன்பே கிடைத்துவிட்டன, நிறுத்தலாம் என்றார்கள் பொறியாளர்கள். திட்டத்தை நடத்திய ரிக்கோவர் மறுத்து, அட்லாண்டிக் கடலைக் கடக்கும் தூரம் ஓடட்டும் என்றார். சுவரில் கடல் வரைபடத்தை மாட்டி, கப்பல் எங்கே இருக்கும் என்று குறித்துக்கொண்டே போனார்கள். 60 மணி நேரத்தை ஒட்டித்தான் கோளாறுகள் தலைகாட்டின. மின் இயந்திரங்களின் பிரஷ்களிலிருந்து வந்த கார்பன் தூள் சுருள்களில் படிந்தது, உலையை அளக்கும் கருவிகள் தடுமாறின, நீராவியை மறுபடி நீராக்கும் கண்டென்சரில் ஒரு குழாய் விட்டுப்போனது. சமாளித்து ஓட்டி முடித்தார்கள். 48 மணியில் நிறுத்தியிருந்தால் இவற்றில் பெரும்பகுதி நீருக்கடியில்தான் தெரிந்திருக்கும். நாட்டிலஸ் 1955 ஜனவரியில் அணுசக்தியில் புறப்பட்டது.

இதில் நான் எடுத்துக்கொள்வது நேரம் என்ற விஷயம். முழுச் சக்தியைத் தொட்டுவிட்டு இறங்குவது ஒரு சோதனை, அங்கேயே நாள்கணக்கில் நிற்பது வேறு சோதனை. தேய்மானம், படிவு, மெல்லக் கசியும் சீல் எல்லாம் மணிக்கணக்கு ஏறினால்தான் வெளியே வரும்.

அணுசக்தி நீர்மூழ்கி கட்டிய நாடுகள் பலவும் இதே வழியில் போனதற்குக் காரணம் இருக்கிறது. சோவியத் யூனியன் ஒப்னின்ஸ்கில் 1956-லும், பிரான்ஸ் கடராஷில் 1964-லும் தரையில் உலையை ஓட்டின. இந்தியா கல்பாக்கத்தில் அரிஹந்துக்கான முன்மாதிரியை ஓட்டியது, அரிஹந்த் 2009 ஜூலையில் நீரில் இறங்குவதற்கு மூன்று வருடம் முன்பே அது முழுமையாக வேலை செய்துகொண்டிருந்தது. நீருக்கடியில் உலையைத் திறந்து பழுதுபார்க்க வழியில்லை, கப்பலில் ஏறப்போகும் ஆட்களும் எங்காவது பழகியாக வேண்டும்.

இதில் பிரிட்டனின் கதை இன்னும் ஒரு படி மேலே. ஸ்காட்லாந்தின் வடகோடியில் டூன்ரேக்குப் பக்கத்தில் வல்கன் என்ற நிலையத்தில், வான்கார்ட் வகை நீர்மூழ்கிகளில் உள்ள அதே வகை உலையை, கப்பல்களைவிடக் கடுமையாக, அவற்றுக்கு முன்னால் ஓடும்படி இயக்கினார்கள். கப்பலில் சில வருடம் கழித்து வரப்போவது இங்கே முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது எண்ணம். 2012 ஜனவரியில் அந்தத் தரை உலையின் குளிர்நீரில் மிகச் சிறிய அளவு கதிரியக்கம் தெரிந்தது. எரிபொருளின் உறையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு விரிசல். அதன் காரணமாக அந்த வகையின் முதல் கப்பலான வான்கார்டுக்கு அடுத்த பராமரிப்பின்போது எரிபொருளை மாற்றிவிட முடிவெடுத்ததாக 2014 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் பிலிப் ஹேமண்ட் நாடாளுமன்றத்தில் சொன்னார், செலவு சுமார் 12 கோடி பவுண்டு என்றும் சொன்னார். வேண்டாத செலவு என்று அதைச் சிலர் சொல்லலாம். தரையில் நிற்கும் ஓர் உலை, கடலில் இருக்கும் கப்பலுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தது என்பதே என் பார்வை. அந்த உலையை 2015-ல் நிறுத்திவிட்டார்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடினமான பாதி, சோதித்தும் ஏன் நிற்கின்றன என்பது. மூன்று கப்பல்களை வைத்துச் சொல்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

அமெரிக்காவின் ஃப்ரீடம் வகைக் கப்பல்களில் இரண்டு கேஸ் டர்பைனும் இரண்டு டீசலும் சேர்ந்து ஓடும். இரண்டின் சக்தியையும் ஒன்றுசேர்க்க ஒரு சிக்கலான கியர்பாக்ஸ் உண்டு. 2015 டிசம்பரில், படையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத மில்வாக்கி என்ற கப்பல் கடலில் நின்றுபோய், சுமார் 40 கடல்மைல் இழுத்துக்கொண்டுபோகப்பட்டது. டர்பைனிலிருந்து டீசலுக்கு மாறும்போது கிளட்ச் சரியாக விடுபடாமல் சேதமாகி, உலோகத் துகள்கள் லூப் ஆயிலில் கலந்திருந்தன. பிறகு அதே வகையின் வேறு கப்பல்களிலும் கியர்பாக்ஸ் கோளாறு வந்தது. கிளட்ச் பேரிங்கின் வடிவமைப்பிலேயே குறை என்று தெரிந்து, 2021 ஜனவரியில் புதிய கப்பல்களைப் பெற்றுக்கொள்வதையே கடற்படை நிறுத்தியது. திருத்திய வடிவத்தை முதலில் தொழிற்சாலையிலும் பிறகு கடலிலும் சோதிப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் பல கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இந்த அனுபவத்தின் சூட்டில்தான், அடுத்து வந்த கான்ஸ்டலேஷன் வகைக்கு நிலத்துச் சோதனை வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதியது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். டர்பைனுக்கும் டீசலுக்கும் இடையே மாறும்போது வரும் கிளட்ச் தகராறு, முழு அமைப்பையும் தரையில் கட்டி நூற்றுக்கணக்கான தடவை மாற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்று என்னால் உறுதியாகவே சொல்ல முடியும், அது சரியாக அந்த மாதிரிச் சோதனைக்குள் விழுகிற கோளாறு. பேரிங் குறையும் தெரிந்திருக்குமா என்பது அப்படி உறுதியானதல்ல. எத்தனை மணி நேரம், எந்த வேகங்களில் ஓட்டியிருப்பார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இரண்டாவது, அமெரிக்காவின் ஜும்வால்ட். முழுக்க மின்சாரத்தில் ஓடும் கப்பல், அதன் மின் அமைப்பில் பாதியளவை ஃபிலடெல்ஃபியாவில் தரையில் கட்டி ஓட்டினார்கள். அதற்கும் முன்னால், முதலில் தேர்ந்தெடுத்திருந்த நிரந்தரக் காந்த மோட்டார் சோதனையில் தேறாமல் போய், மாற்றாக வைத்திருந்த இண்டக்‌ஷன் மோட்டாருக்கு மாறியிருந்தார்கள். அதைக் கப்பலில் ஏற்றிய பிறகு கண்டுபிடித்திருந்தால் திட்டமே ஆடியிருக்கும். ஆனாலும் 2016 நவம்பரில் பனாமா கால்வாயில் கப்பல் சக்தி இழந்தது. லூப் ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் வழியாகக் கடல்நீர் ஆயிலுக்குள் புகுந்திருந்தது. புதுமையான மின் அமைப்பு ஓடியது, கப்பல்களில் காலங்காலமாக இருக்கும் சாதாரணக் கூலர் காலை வாரியது. சோதனைக்குப் பணமும் கவனமும் ஒதுக்கும்போது புதியதையே எல்லாரும் பார்ப்பார்கள், பழையதைத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுவார்கள். இந்தப் பழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மூன்றாவது பிரிட்டனின் டைப் 45 வகைப் போர்க்கப்பல். அதன் டபிள்யூஆர்-21 டர்பைன் வெளியேறும் வெப்பத்தைத் திரும்பப் பிடித்து எரிபொருளைச் சேமிக்கும் வடிவம். டர்பைனை இங்கிலாந்தின் பைஸ்டாக்கிலும் மின் உந்துவிசையை வெட்ஸ்டோனிலும் தரையில் சோதித்தார்கள். ஆனாலும் வெப்பக் கடல்களில் கப்பல்கள் மின்சாரம் இழந்து நின்றன. வெப்பம் கூடும்போது குளிர்விக்கும் பகுதி திணறி டர்பைன் சக்தி இறங்கும், டர்பைன் கைவிட்டால் சுமையைத் தாங்க இரண்டு சிறிய டீசல்கள் போதாது. 2016-ல் நாடாளுமன்றக் குழுவின் முன், வளைகுடாவின் நிலைமை எங்களுக்குக் கொடுத்த தேவைக் குறிப்புக்குள் இல்லை என்ற பொருளில் உற்பத்தியாளர் தரப்பு சொன்னது. குறை குறிப்பில் இருந்ததா வடிவமைப்பில் இருந்ததா என்பதில் ஆளுக்கொரு கருத்து இன்னும் உண்டு, அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என்ன குறிப்பு எழுதினீர்களோ அதைத்தான் சோதனை மேடை சோதிக்கும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. 30 டிகிரிக்கு மேல் போகும் கடல்நீரை மேடைக்குக் கொண்டுவராவிட்டால், அந்த நீரில் என்ன ஆகும் என்று மேடை சொல்லாது. இப்போது இரண்டு டீசல்களை எடுத்துவிட்டு மூன்று பெரிய டீசல்களை வைக்கிறார்கள். அந்தப் புது ஏற்பாட்டை முதலில் வெட்ஸ்டோனில் தரையில்தான் ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் கவனிக்க வேண்டியது.

இனி, எவ்வளவு நல்ல நிலையமாக இருந்தாலும் தரையில் தெரியாதவை. முதலாவது ஷாஃப்ட் அலைன்மென்ட், அதாவது என்ஜினிலிருந்து புரொப்பல்லர் வரை எல்லாம் சரியான கோட்டில் இருப்பது. தரையில் எல்லாமே கான்கிரீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கப்பலின் உடம்போ வளையும். உலர் துறையில் ஒரு வடிவம், மிதக்கும்போது இன்னொன்று, எரிபொருள் நிரம்பினால் வேறு, அலையில் நிமிடத்துக்கு நிமிடம் வேறு. மில்லிமீட்டரின் சிறு பங்குகூடப் பேரிங்கின் சுமையை மாற்றிவிடும் என்பதால்தான் கடைசி அலைன்மென்ட்டைக் கப்பல் மிதந்த பிறகு பார்க்கிறார்கள். அதிர்வும் அப்படியே. ரப்பர் தாங்கிகள் மேல் நிற்கும் என்ஜின் மெல்லிய எஃகுத் தளத்தில் காட்டும் அதிர்வு, கான்கிரீட்டில் காட்டுவதிலிருந்து வேறு. நீருக்கடியில் கப்பல் எழுப்பும் சத்தத்தைத் தரையில் ஓரளவுதான் ஊகிக்கலாம். கப்பல் சாயும்போது ஆயில் தொட்டியில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுவது, டர்பைன் இழுக்கும் காற்றில் உப்பு வந்து பிளேடில் படிவது, கூர்மையாகத் திரும்பும்போது இரு புரொப்பல்லர்களும் சமமில்லாத சுமை வாங்குவது, இவையும் கடலின் பாடம்தான். எல்எம்2500 டர்பைனைப் போர்க்கப்பல்களில் வைப்பதற்கு முன்னால் 1960-களின் கடைசியில் அட்மிரல் கேலஹான் என்ற சரக்குக் கப்பலில் ஏற்றிக் கடலில் ஓட்டியது இதனால்தான். என் கருத்தில் மிகச் சரியான முடிவு.

கணினி மாதிரிகள் வந்துவிட்டனவே, இன்னும் இரும்பைக் கட்டி ஓட்ட வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். பிரிட்டன் தன் அடுத்த தலைமுறை நீர்மூழ்கி உலைக்கு முழு அளவு தரை முன்மாதிரி கட்டாமல், கணக்கையும் பழைய உலைகளின் அனுபவத்தையும் நம்பியிருக்கிறது. ஏற்கெனவே பல வருடத் தரவு உள்ள வடிவத்தின் அடுத்த படியென்றால் அது நியாயமாக இருக்கலாம். புதிய கிளட்ச், புதிய மோட்டார், புதிய சாஃப்ட்வேர் மூன்றும் ஒரே கப்பலில் முதல் தடவையாகச் சந்திக்கின்றன என்றால் நான் மாதிரியை மட்டும் நம்ப மாட்டேன். தெரிந்த கோளாறு மாதிரிக்குள் இருக்கும், யாரும் நினைத்துப் பார்க்காத கார்பன் தூள் அதில் இருக்காது.

கடைசியாக, ஒவ்வொரு கப்பலின் என்ஜினையும் இப்படி ஓட்டுவார்களா என்றால், இல்லை. ஒரு வகைக்கு ஒரு நிலையம், அதிலும் பல நேரம் இரண்டு ஷாஃப்டில் ஒன்று மட்டும். மற்ற கப்பல்களுக்குத் தொழிற்சாலைச் சோதனை, துறைமுகத்தில் கட்டிப்போட்டு ஓட்டுவது, பிறகு கடல். ஆனால் அந்த ஒரு நிலையம் முதல் கப்பலோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகைப் போர்க்கப்பல்களில் முதலாவது 1991-ல் படையில் சேர்ந்தது. அதற்காக ஃபிலடெல்ஃபியாவில் 1980-களில் கட்டிய அமைப்பு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. கடலில் ஒரு கப்பலில் புரியாத கோளாறு வந்தால் அதே நிலைமையை அங்கே உண்டாக்கிப் பார்க்கலாம், புது சாஃப்ட்வேரை முதலில் அங்கே ஏற்றிப் பார்க்கலாம், ஆட்களைப் பழக்கலாம். நீங்கள் கேட்ட செலவை முதல் கப்பலின் கணக்கில் மட்டும் எழுதாமல், அந்த வகையின் எல்லாக் கப்பல்களுக்கும், அவை ஓடும் 30, 40 வருடத்துக்கும் பிரித்துப் போட்டுப் பாருங்கள்.